பத்து நிமிஷக் கடையம்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

ஆனி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்துச் சாலைகளின் முகமே மாறிவிடும். அம்பாசமுத்திரத்திலிருந்து தென்காசி போகும் ரோட்டில் டூரிஸ்ட் பஸ்கள் வரிசை கட்டி வரும். ஜன்னல் கம்பியில் ஈரத்துண்டு காயும். டிக்கிக்குள் அண்டாவும் குண்டானும் உருளும் சத்தம் வெளியே கேட்கும். ஈரோடு, சேலம், மதுரை, சென்னை என்று எல்லா ஊர்ப் பதிவெண்ணும் கண்ணில் படும். எல்லாம் குற்றாலத்துக்குத்தான்.

காரணம் சின்ன விஷயம். மேற்குத் தொடர்ச்சி மலை செங்கோட்டைப் பக்கம் ஆரியங்காவில் கொஞ்சம் வழி விட்டிருக்கிறது. கேரளத்தில் கொட்டித் தீர்க்கும் தென்மேற்குப் பருவமழையின் மிச்சம் அந்தக் கணவாய் வழியாகக் காற்றோடு நுழைந்து இந்தப் பக்கம் தூறலாக விழுகிறது. ஜூன், ஜூலையில் தமிழ்நாட்டின் பெரும்பகுதி வெயிலில் காயும்போது தென்காசி மட்டும் நனைவது இதனால்தான். அதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் சாரல். வகுப்பில் பருவமழைப் பாடம் நடத்தும்போதெல்லாம் ஜன்னலைத் திறந்துவிட்டு, "வெளியே கையை நீட்டுங்கடே, இதுதான் பாடம்" என்று சொல்வேன்.

இத்தனை வருஷமாக ரோட்டோரத்தில் நின்று பார்த்த பஸ்ஸில் இந்த முறை ஏறி உட்கார்ந்தேன். சென்னையில் இருக்கும் அக்காவுக்கும் அத்தானுக்கும் அவர்கள் மகன் ஒரு சுற்றுலாவில் இடம் போட்டிருந்தான். நெல்லையில் ஏறி நெல்லையில் இறங்கும் இரண்டு நாள் பயணம். பாபநாசம், கடையம், தென்காசி, குற்றாலம், செங்கோட்டை. சாப்பாடு, தங்கும் அறை, வழிகாட்டி எல்லாம் அவர்கள் பொறுப்பு. மூத்த குடிமக்களுக்காகவே போடுவதால் படிக்கட்டு ஏற ஒரு முக்காலி கூட வைத்திருந்தார்கள்.

"ஏல தம்பி, நீயும் வா. ஒரு சீட்டு காலியா இருக்காம்" என்றாள் அக்கா.

"கடையத்துல இருந்துக்கிட்டு கடையத்துக்கு டூரா?" என்று சிரித்தேன்.

"எனக்கு டூர் இல்லடே. பொறந்த தெருவை ஒரு தரம் பார்க்கணும்."

அக்கா கடையத்தை விட்டு வாழ்க்கைப்பட்டுப் போனபோது அவளுக்கு வயது 19. அப்பா காலத்துக்குப் பிறகு அந்த வீட்டை விற்றுவிட்டோம். நான் ஸ்டேஷன் பக்கம் வீடு கட்டிக்கொண்டேன். கல்யாணம், கருமாதி என்று அக்கா வந்து போனாலும், காரில் வந்து இறங்கிக் காரில் ஏறிப் போவதோடு சரி. இப்போது முழங்கால் வலி வேறு. இந்தப் பயணத்தை அவள் ஒப்புக்கொண்டதே அட்டவணையில் கடையம் என்ற பெயரைப் பார்த்துத்தான்.

காலை ஆறரைக்கு ஜங்ஷனில் பஸ் புறப்பட்டது. மொத்தம் 38 பேர். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியும் அவர் மனைவியும், ஒரு நர்ஸம்மா, தஞ்சாவூர்ப் பக்கத்து மிராசுதார் ஒருவர், இரட்டைச் சகோதரிகள் இருவர், இப்படிப் பல பேர். சமையல்காரர்கள் தனி வேனில் முன்கூட்டியே பாபநாசம் போய்விட்டார்கள். வழிகாட்டி மதுரைப் பக்கத்துத் தம்பி. வயது 25, 26 இருக்கும். பெயர் வேண்டாம். கையில் மைக். எடுத்த எடுப்பில் எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டார். வயசானவர்களைக் கைப்பிடித்து இறக்குவது, மாத்திரை போட்டாச்சா என்று கேட்பது, ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலை எண்ணுவது எதிலும் குறை சொல்ல முடியாது.

அட்டவணையை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். ஆசிரியர் புத்தி, நிமிஷத்தைக் கூட்டிப் பார்த்தேன். அருவிக் குளியல் இரண்டு தடவையும் சேர்த்து நாலரை மணி நேரம். அல்வா, சிப்ஸ், பழம் வாங்க ஒன்றரை மணி நேரம். பிரானூர் பார்டரில் பரோட்டாவுக்கு ஒரு மணி நேரம். தென்காசிக் கோயில் 40 நிமிஷம். சித்திர சபை "நேரம் இருந்தால்". கடையம் 10 நிமிஷம்.

அருவியிலும் பரோட்டாவிலும் எனக்கு விரோதம் இல்லை. குற்றாலத்துக்கு வந்து குளிக்காமல் போகிறவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஆனால் ஒரு பயணத்தில் எது முக்கியம் என்பதை விளம்பர நோட்டீஸைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. எந்த இடத்துக்கு எத்தனை நிமிஷம் என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

எங்கள் மாவட்டங்களில் மார்கழி ஞாயிற்றுக்கிழமைகளில் நவகைலாயத்துக்கு அரசு போக்குவரத்துக் கழகமே சிறப்புப் பஸ் விடுகிறது. பாபநாசத்தில் ஆரம்பித்துத் தாமிரபரணிக் கரையோடு சேர்ந்தபூமங்கலம் வரை ஒரே நாளில் ஒன்பது கோயில். அங்கும் ஒவ்வொரு கோயிலிலும் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். ஆனால் அந்த பஸ்ஸில் ஏறுகிறவர்கள் கதை தெரிந்து ஏறுகிறார்கள். அகத்தியர், உரோமச முனிவர், ஆற்றில் மிதந்து வந்த தாமரை எல்லாம் பாட்டி சொல்லிக் கேட்டவை. இறங்கியதும் கை தானாகக் கும்பிடும். சுற்றுலா பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அந்த ஊர் புதுசு. அவர்களுக்கு மைக்கில் என்ன சொல்கிறார்களோ அதுதான் ஊர்.

பாபநாசத்தில் காலைச் சாப்பாடு முடித்து, ஆழ்வார்குறிச்சி தாண்டி, பொட்டல்புதூர் வந்தோம். சாலையோரம் முகைதீன் ஆண்டவர் தர்கா. மதம் பார்க்காமல் எல்லாரும் வந்து நேர்ந்துகொள்ளும் இடம். பஸ்ஸில் அந்த நேரம் பழைய சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அடுத்து கடையம். தம்பி மைக்கை எடுத்தார்.

"அடுத்து வர்றது கடையம். பாரதியாருக்கு மாமியார் ஊரு. மாப்பிள்ளைன்னா சும்மாவா, ரெண்டு வருஷம் உக்காந்து விருந்து சாப்பிட்டிருக்காரு!"

பஸ் முழுக்கச் சிரிப்பு. அக்கா சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பத்து நிமிஷம்தான். போட்டோ எடுக்கிறவங்க எடுத்துக்கலாம். 12 மணிக்குத் தென்காசியில நடை சாத்திருவாங்க."

நான் எழுந்து முன்னால் போனேன். "தம்பி, எங்க அக்கா பொறந்த தெரு இங்கதான் இருக்கு. அவங்களால வேகமா நடக்க முடியாது. ஒரு அரை மணி நேரம் கிடைக்குமா?"

அவருக்கும் சங்கடம்தான். "ஸார், எனக்கு ஆட்சேபணை இல்ல. கோயில் சாத்திட்டா மத்தவங்க என்னைக் கேப்பாங்களே."

நியாயமான கேள்வி. நான் ஒரு யோசனை சொன்னேன். குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் ஐந்தாறு கிலோமீட்டர்தான். மதியச் சாப்பாட்டைக் குற்றாலத்தில் முடித்துவிட்டு, சாயங்காலம் நடை திறந்ததும் தென்காசிக்கு வந்து போகலாம். சாயங்காலக் கடைவீதி நேரத்தைக் குறைத்துக்கொண்டால் சரியாகிவிடும். தம்பி பஸ்ஸைப் பார்த்துக் கேட்டார். முதலில் கை தூக்கியவர் நர்ஸம்மா. "பொறந்த வீட்டைப் பாக்கணும்னு ஒரு பொம்பள கேட்டா, அல்வாவா பெருசு?" என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. தம்பி அலுவலகத்துக்குப் போன் போட்டுச் சம்மதம் வாங்கினார். பிறகு மைக்கை என்னிடம் நீட்டி, "ஸார், உங்க ஊரு. நீங்களே சொல்லிருங்க" என்றார்.

சொன்னதைச் சுருக்கமாக இங்கே எழுதுகிறேன்.

பாரதிக்கும் செல்லம்மாவுக்கும் கல்யாணம் நடந்தது 1897-இல். அவருக்கு 14, செல்லம்மாவுக்கு 7 வயது. அதன்பின் காசி, எட்டயபுரம், மதுரை, சென்னை, புதுச்சேரி என்று அவர் வாழ்க்கை ஓடியது. பத்து வருஷம் புதுச்சேரியில் இருந்துவிட்டு 1918 நவம்பரில் பிரிட்டிஷ் எல்லைக்குள் வந்தபோது கடலூர்ப் பக்கம் கைது செய்தார்கள். சில வாரம் சிறை. நிபந்தனைகளோடு விடுதலை. அதற்குப் பிறகுதான் மனைவி, மக்களோடு கடையம் வந்தார். தென்காசி வழியாகச் செங்கோட்டைக்கு 1903-லேயே ரயில் வந்துவிட்டதால் அவர் வந்த காலத்தில் கடையத்துக்கு ரயில் வசதி இருந்தது. 1920 கடைசியில் சுதேசமித்திரனில் மறுபடி சேரச் சென்னை போகும்வரை, சுமார் இரண்டு வருஷம் இந்த ஊர்தான்.

அது விருந்து சாப்பிட்ட காலம் இல்லை. கையில் காசு கிடையாது. எழுதியதை அச்சடிக்க வழி கிடையாது. 1919-இல் எட்டயபுரம் ஜமீனுக்குப் பாட்டாகவே சீட்டு எழுதி அனுப்பிப் பார்த்தார். பயன் இல்லை. தலைப்பாகை, கோட்டு, கையில் கம்பு என்று இன்றைக்கு நாம் சுவரில் மாட்டியிருக்கும் அந்தப் படம் அதே 1919-இல் காரைக்குடியில் எடுத்தது. அது கடையத்தில் குடியிருந்த காலத்துப் பாரதி. அந்தக் கண்ணில் தெரிவது கம்பீரம் மட்டும்தானா என்று இனி பார்க்கும்போது யோசியுங்கள்.

1920-இல் கடையத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தன் எழுத்து மொத்தத்தையும் 40 புத்தகமாகப் போட வேண்டும், ஒவ்வொன்றும் 10,000 பிரதி. அதாவது நாலு லட்சம் புத்தகம். தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் போல அவை வீட்டுக்கு வீடு போக வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்குப் பணம் கேட்டுத்தான் அந்தச் சுற்றறிக்கை. ஒன்றும் நடக்கவில்லை. 1921 செப்டம்பரில் இறந்துவிட்டார். மறு வருஷமே, 1922-இல், பாரதி ஆச்ரமம் என்ற பெயரில் அவர் பாடல்களைப் புத்தகமாக வெளியிட முன்வந்தவர் யார் தெரியுமா? செல்லம்மா. கணவனை இழந்த பெண் வாசல் தாண்டுவதையே குற்றமாகப் பார்த்த காலம் அது. பின்னால் 1951-இல் திருச்சி வானொலியில் தன் கணவரைப் பற்றி அவர் பேசிய பேச்சும் இருக்கிறது. எளிமையான, வடிகட்டாத பேச்சு.

இப்போது தாண்டி வந்தோமே பொட்டல்புதூர், அங்கேயும் இந்தக் காலத்தில்தான் பாரதி இஸ்லாத்தின் பெருமையைப் பற்றி உரையாற்றினார். ஆகவே இது மாமியார் ஊர் என்பது சரி. ஆனால் செல்லம்மா ஊர் என்று சொன்னால் இன்னும் சரி.

இவ்வளவுதான் சொன்னேன். ஏழெட்டு நிமிஷம் ஆகியிருக்கும். பஸ்ஸில் சத்தமே இல்லை. 2022-இல் ஊரில் செல்லம்மா–பாரதி கற்றல் மையம் திறந்து, இருவரும் சேர்ந்து நிற்கும் சிலையும் வைத்திருக்கிறார்கள். பலரும் அங்கே போனார்கள். சிலர் மேற்கே மலையைப் பார்த்து இருக்கும் நித்யகல்யாணி அம்மன் கோயில் எவ்வளவு தூரம் என்று கேட்டார்கள். பாரதி உட்கார்ந்திருந்த பாறை என்று ஊரார் காட்டும் பாறை அந்தப் பக்கம் இருக்கிறது. பஸ் அங்கே போக நேரம் இல்லை.

நானும் அத்தானும் அக்காவைக் கைப்பிடித்துத் தெருவுக்குக் கூட்டிப் போனோம். எங்கள் வீடு இப்போது மாடி வைத்த கான்கிரீட் வீடு. பழைய திண்ணை இல்லை. அக்கா வீட்டைப் பார்க்கவில்லை, எதிர்ச்சாரியில் தெருக் கோடியைப் பார்த்தாள். அங்கிருந்து பார்த்தால் மலை தெரியும். மேலே மேகம் இறங்கியிருந்தது. "இந்த இடத்துல நின்னுதான் அம்மா வத்தல் எடுக்கவா வேண்டாமான்னு பாப்பா" என்றாள். அவ்வளவுதான். ஐந்து நிமிஷம் நின்றாள். அந்த வீட்டுப் பெண் வெளியே வந்து, யார் என்னவென்று விசாரித்து, ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாள். அக்கா முழுச் செம்பையும் குடித்தாள். திரும்பி வரும்போது முழங்கால் வலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சாயங்காலம் தென்காசி. கோபுரத்துக்கு முன்னால் தம்பி மைக் இல்லாமல் சொல்ல ஆரம்பித்தார். "இந்தக் கோயிலைப் பூதங்கள் ஒரே ராத்திரியில கட்டினதா சொல்லுவாங்க." நிறுத்தி என்னைப் பார்த்தார். "ஸார், சரியா?" மதியம் சாப்பிடும்போதே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எந்த இடத்துக்கு என்ன சொல்லலாம் என்று நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார். எங்கிருந்து படித்தீர்கள் என்று கேட்டேன். யூடியூப் என்றார். பயணத்துக்கு இவ்வளவு என்று கூலி. படிக்கச் சொல்லி யாரும் எதுவும் கொடுக்கவில்லை. அவர் என்ன செய்வார்?

பூதம் கதையைவிட நிஜக் கதை பெரியது. மதுரையை இழந்த பாண்டியர்கள் தெற்கே ஒதுங்கித் தென்காசியைத் தலைநகராக்கிக்கொண்டார்கள். அந்த வழியில் வந்த பராக்கிரம பாண்டியன் 1446-இல் இந்தக் கோயிலைக் கட்டத் தொடங்கினான். ஒரு ராத்திரி இல்லை, வருஷக் கணக்கில் வேலை நடந்தது. ராஜகோபுர வேலையை அவனால் முடிக்க முடியவில்லை. அவன் தம்பி குலசேகர பாண்டியன் முடித்து வைத்தான். கோயில் கல்வெட்டில் பராக்கிரம பாண்டியன் ஒரு செய்தி விட்டுப் போயிருக்கிறான். அதன் சாரம் இது: பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்கு ஏதாவது குறை வந்தால், அதைச் சரி செய்து காப்பாற்றப் போகிறவர் யாராக இருந்தாலும் அவரை நான் இப்போதே வணங்குகிறேன்.

ராஜ்யத்தில் பாதியை இழந்த வம்சத்து ராஜா, தான் கட்டியது நிலைக்காமல் போகலாம் என்று தெரிந்தே, பிறக்காத ஒருவனைக் கும்பிட்டிருக்கிறான். அவன் பயந்தபடியே ஆயிற்று. கோபுரம் சிதைந்து, பிளந்து, நெடுங்காலம் மொட்டையாக நின்றது. நான் சின்னப் பையனாக அப்பாவோடு தென்காசிக்கு வரும்போதெல்லாம் அந்தப் பிளந்த கோபுரத்தைத்தான் பார்த்தேன். பிறகு ஒன்பது நிலையும் எழுப்பி, 1990-இல் கும்பாபிஷேகம் செய்தார்கள். சுமார் 180 அடி உயரம். அன்றைக்குத் திரண்ட கூட்டத்தில் நானும் ஒருவன். பராக்கிரம பாண்டியன் ஐந்து நூற்றாண்டுக்கு முன் வணங்கியது யாரை? செங்கல் சுமந்த சித்தாளையும் கொத்தனாரையும் சேர்த்துத்தான்.

இதைச் சொன்னபோது தஞ்சாவூர்க்காரர் கோபுரத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். தம்பி நோட்டில் எழுதிக்கொண்டார். கோபுர வாசலில் எதிர்க்காற்று முகத்தில் அடிக்க, எல்லாரும் சேலையையும் துண்டையும் பிடித்துக்கொண்டு உள்ளே போனோம்.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வங்கி அதிகாரி என்னோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் மகள் அயர்லாந்தில் டப்ளினில் வேலை பார்க்கிறாள். போன வருஷம் அங்கே போனபோது இதே மாதிரி கோச்சில் ஊர் சுற்றினாராம். "அங்கேயும் இதே சாரல்தான் ஸார். பஸ் ஓட்டுறவரே மைக்கை மாட்டிக்கிட்டுக் கதை சொல்றார். கடலோரத்துல மோஹர் குன்றுன்னு 700 அடிச் செங்குத்துப் பாறை. அப்புறம் கிளெண்டலாக்னு ஒரு பள்ளத்தாக்கு. ஆறாம் நூற்றாண்டுத் துறவி ஒருத்தர் இருந்த இடம். ஒரு வட்டக் கோபுரமும் கல்லறைகளும் இடிஞ்ச சுவருந்தான். அதுக்கு முக்கால் மணி நேரம் சொன்னார். ஒருத்தரும் எழுந்திருக்கலை" என்றார்.

நான் சிரித்துக்கொண்டே, "அந்த டிரைவருக்குத் தெரியாத மூணு அயர்லாந்துக் கதை இந்தச் சீமையில் இருக்கு" என்றேன். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிட்ட கால்டுவெல், அயர்லாந்தில் பிறந்து, திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியில் வாழ்நாளைக் கழித்தவர். பாரதி குருவாக ஏற்று, 1908-இல் தன் முதல் பாட்டுப் புத்தகத்தைச் சமர்ப்பணம் செய்த சகோதரி நிவேதிதை அயர்லாந்துப் பெண். மனைவியை ஏன் உடன் அழைத்து வரவில்லை என்று அவர் கேட்ட கேள்விதான் செல்லம்மாவைப் பாரதி பார்த்த பார்வையை மாற்றியது என்பார்கள். மூன்றாவது, கலெக்டர் ஆஷ். அவரும் அயர்லாந்துக்காரர். 1911 ஜூன் 17-இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் அவரைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்ட வாஞ்சிநாதனுக்கு ஊர், நாளைக்கு நாம் போகப்போகிற செங்கோட்டை. இலக்கணம் எழுத ஒருவர், பெண்ணை மதிக்கச் சொல்ல ஒருவர், அதிகாரம் செலுத்த ஒருவர். ஒரே தீவிலிருந்து மூன்று பேர். அதிகாரி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதை என் மகள்கிட்டச் சொல்லணும் ஸார்" என்றார்.

மறுநாள் காலை ஐந்தருவி. அரை மணி நேரம் குளித்திருப்போம். தண்ணீர் நிறம் மாறியதைப் பார்த்ததும் போலீஸ்காரர்கள் விசில் ஊதினார்கள். எங்கள் தம்பி இடுப்பளவு ஈரத்தோடு ஓடி ஓடி 38 தலையையும் எண்ணி மேலே கொண்டுவந்து சேர்த்துவிட்டார். ஒருவர் முணுமுணுத்தார். தம்பி அசையவில்லை. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயது மாணவன் ஒருவன் உயிர் போனதை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறக்க மாட்டோம். மலைமேல் பெய்யும் மழை கீழே நிற்பவனுக்குத் தெரியாது. வழிகாட்டி என்பவர் கதை சொல்ல மட்டும் இல்லை, இதற்கும்தான்.

குளியல் நேரம் இப்படிக் குறைந்ததால் சித்திர சபைக்கு வழி பிறந்தது. தில்லையில் பொன், மதுரையில் வெள்ளி, நெல்லையில் தாமிரம், திருவாலங்காட்டில் ரத்தினம் என்று நடராஜருக்கு ஐந்து சபைகள். ஐந்தாவது குற்றாலத்தில். இங்கே ஆடுகிறவர் சிலையாக இல்லை, சுவரில் சித்திரமாக இருக்கிறார். குற்றாலநாதர் கோயிலிலிருந்து தள்ளி, தெப்பக்குளத்தோடு தனியாக இருக்கிறது. கடைத்தெரு இரைச்சல் அங்கே எட்டாது. குற்றாலம் வருகிற பெரும்பாலானவர்கள் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் திரும்பிப் போகிறார்கள்.

22 பேர் உள்ளே வந்தார்கள். மற்றவர்கள் பஸ்ஸில் இருந்தார்கள். அதுவும் சரிதான். நர்ஸம்மா ஒவ்வொரு சுவரையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, "இவ்வளவு ஈரக்காத்துல இது எப்படி அழியாம இருக்கு?" என்று கேட்டார். அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அழிகிறது, மீண்டும் தீட்டுகிறார்கள், மீண்டும் மங்குகிறது. பராக்கிரம பாண்டியன் கும்பிட்ட ஆட்கள் இங்கேயும் தேவைப்படுகிறார்கள்.

இந்தக் குற்றாலத்திலேயே ரசிகமணி டி.கே.சி. இருந்தார். 1954-இல் மறைந்தவர். ராஜாஜி, கல்கி எல்லாம் அவர் வீட்டு விருந்தாளிகள். அருவியில் குளிக்க வைத்து, சாப்பாடு போட்டு, கம்பன் பாட்டைச் சொல்லிச் சொல்லி ரசிக்க வைப்பாராம். அவர் வட்டத்தில் வளர்ந்த தொ.மு.பாஸ்கரத் தொண்டைமான்தான் 'வேங்கடம் முதல் குமரி வரை' எழுதித் தமிழ்நாட்டுக் கோயில்களை வீட்டுத் திண்ணைக்கே கொண்டுவந்தவர். என் கணக்கில் எங்கள் பக்கத்தின் முதல் வழிகாட்டிகள் இவர்கள். குளியலும் சாப்பாடும் கதையும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

செங்கோட்டையில் வாஞ்சி சிலைக்கு முன்னால் நின்றோம். 1956 நவம்பர் 1 வரை இந்த ஊர் திருவிதாங்கூர்ப் பக்கத்தைச் சேர்ந்தது என்றதும் பலருக்கு ஆச்சரியம். மைக்கைத் தம்பிதான் பிடித்திருந்தார். நான் பின் சீட்டில் உட்கார்ந்து கேட்டேன். நன்றாகவே சொன்னார். பார்டரில் பரோட்டாவும் சாப்பிட்டோம். அதில் ஒரு நிமிஷமும் குறைக்கவில்லை.

இதையெல்லாம் எழுதக் காரணம் உண்டு. ஒரு சீசனில் எங்கள் சாலையில் இத்தனை பஸ் போகிறது. ஒவ்வொன்றிலும் ஒரு மைக் இருக்கிறது. அதில் சொல்லப்படுவதை அத்தனை பேரும் நம்பிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். நாம் சொல்லாவிட்டால் அந்த மைக்கில் பூதமும் மாமியார் விருந்தும்தான் ஓடும்.

சுற்றுலா நடத்துகிறவர்களுக்கு: நடை திறக்கும், சாத்தும் நேரத்தைப் பார்த்து அட்டவணை போடுங்கள். ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர்க்காரர் ஒருவரை அரை மணி நேரத்துக்குக் கூப்பிட்டு, உரிய கூலி கொடுங்கள். படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் எங்கள் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள்.

பயணம் வருகிறவர்களுக்கு: ஏறும் முன் அட்டவணையின் நிமிஷங்களைக் கூட்டிப் பாருங்கள். பஸ்ஸில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். கேள்வி வந்தால் வழிகாட்டி அடுத்த முறைக்குப் படித்துக்கொண்டு வருவார்.

உள்ளூர் நண்பர்களுக்கு: நானும் ஓய்வுபெற்ற இரண்டு ஆசிரியர்களும் சேர்ந்து பொட்டல்புதூர், கடையம், தென்காசி, குற்றாலம், செங்கோட்டை ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கக் குறிப்பு எழுதிவருகிறோம். கல்வெட்டிலும் நூலிலும் உள்ளது மட்டும். யார் கேட்டாலும் இலவசம். உங்கள் ஊர் விட்டுப்போயிருந்தால் நீங்கள் எழுதி அனுப்புங்கள்.

முதல் பிரதியை அந்தத் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். வருகிற சனிக்கிழமை இன்னொரு பஸ்ஸோடு வருகிறாராம். கடையத்துக்கு 40 நிமிஷம் போட்டிருக்கிறாராம்.